கோடை விடுமுறைக்கு எங்கள் மாட்டுக் கொட்டகையில் பிள்ளைகளுக்குப் பத்து நாள் முகாம்: யோசனை சொல்லுங்கள்

வயல்வீடு, வலங்கைமான் (மார்ச் 18)

எல்லோருக்கும் வணக்கம். வலங்கைமானிலிருந்து நீடாமங்கலம் போகும் வழியில் எங்கள் ஊர். பதினோரு வருடம் திருச்சியில் மழலையர் பள்ளியில் வேலை பார்த்தேன், அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதிலிருந்து இரண்டு வருடமாக இங்கேதான் இருக்கிறேன். உம்பளச்சேரி மாடு இரண்டு, கலப்பின மாடு ஒன்று, ஓர் எருமை, ஒன்பது ஆடு, ஆறு வாத்து, அப்புறம் வீட்டைச் சுற்றிக் கோழிகள். உம்பளச்சேரியில் ஒன்று மாசி முதல் வாரத்தில்தான் கன்று ஈன்றது.

பொங்கலுக்கு அண்ணன் பிள்ளைகள் சென்னையிலிருந்து வந்திருந்தார்கள். சின்னவன் முதல் நாள் மூக்கைப் பொத்திக்கொண்டு கொட்டகை வாசலிலேயே நின்றான். மூன்றாம் நாள் எருமைக்குக் கழுநீர் நான்தான் வைப்பேன் என்று அடம். அதைப் பார்த்ததிலிருந்து இந்த யோசனை மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. கும்பகோணம், தஞ்சாவூர், மன்னார்குடிப் பிள்ளைகளுக்குப் பகல் நேர முகாம் ஒன்று நடத்தலாம் என்று.

திட்டம் இதுதான்: மே மாதம் பத்து நாள், காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை, 6 முதல் 12 வயது வரை முப்பது பிள்ளைகள். முயல் நான்கு வாங்கலாம், கூண்டில் ஒரு ஜோடிக் கிளி, ஒரு நாள் குதிரைச் சவாரிக்கு ஆள் பிடிக்கலாம். ஒரு நாள் வேன் வைத்து வடுவூர் ஏரிக்குப் பறவை பார்க்கப் போகலாம். கடைசி நாள் ஆளுக்கொரு கலர் கோழிக்குஞ்சு கொடுத்து அனுப்பலாம். இப்படி நடத்தியவர்கள், பிள்ளைகளை அனுப்பிய பெற்றோர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். தப்பாக ஏதாவது யோசித்திருந்தாலும் சொல்லுங்கள்.

தஞ்சைத் தகப்பன் (மார்ச் 18)

கலர் குஞ்சு மட்டும் வேண்டாம் மேடம். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

போன வருடம் என் மகளை ஒரு முகாமில் சேர்த்தேன், எது என்று சொல்ல விரும்பவில்லை. அவளுக்கு அப்போது எட்டு வயது. ஐந்து நாள் முகாம், நாற்பது பிள்ளைகள், மேலே தகரக் கூரை. ஒரே முயலைக் கைமாற்றிக் கைமாற்றி நாற்பது பேரும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். என் மகள் கையில் வந்தபோது அதன் இதயம் படபடவென்று அடித்ததாம், அன்று ராத்திரி தூங்கும்போது என் விரலைப் பிடித்து, ‘இவ்ளோ வேகமா அடிச்சுதுப்பா’ என்று தட்டிக் காட்டினாள். கடைசி நாள் ரோஸ் கலரில் ஒரு குஞ்சு கொடுத்தார்கள். அட்டைப் பெட்டியில் பல்பு போட்டு வைத்தோம், தவிடு வைத்தோம், என்னென்னவோ செய்தோம். நான்காம் நாள் காலையில் அவள்தான் முதலில் பார்த்தாள். பள்ளி திறந்து இரண்டு வாரம் ஆகியும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள், தான் சரியாகப் பார்த்துக்கொள்ளாததால் செத்தது என்று நினைத்துக்கொண்டாள். ஒரு குழந்தை மனதில் அந்தப் பாரத்தை ஏற்றி அனுப்ப யாருக்கும் உரிமை இல்லை.

ஒரத்தநாட்டுக்காரன் (மார்ச் 19)

கால்நடைப் பராமரிப்புத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். தஞ்சைத் தம்பி சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. அந்தக் கலர் குஞ்சுகள் பெரும்பாலும் முட்டைக் கோழி இனத்துச் சேவல் குஞ்சுகள், குஞ்சு பொரிப்பகத்துக்கு வேண்டாதவை. தாய்ச் சூடு இல்லாமல், சாயத்தில் முக்கி, வெயிலில் கூடையில் சுற்றிவிட்டு வருகிறது. அது பிழைத்தால்தான் ஆச்சரியம். உங்கள் மகளின் தவறு எதுவும் இல்லை என்று அவளிடம் சொல்லுங்கள், ஒரு கால்நடைக்காரர் சொன்னார் என்றே சொல்லுங்கள்.

அம்மா, நீங்கள் முயல் வாங்கவே வேண்டாம். 30 டிகிரி தாண்டினாலே முயல் தவிக்கும். நம் பக்கம் மே மாதம் எவ்வளவு போகும் என்று உங்களுக்கே தெரியும். ஒன்பது முதல் நான்கு என்பதும் சரிவராது, ஆடு மாடே பதினொரு மணிக்கு மேல் நிழலில் படுத்துவிடும், பிள்ளைகள் எதைப் பார்ப்பார்கள்? காலை ஆறரைக்கு ஆரம்பித்துப் பதினொன்றுக்கு முடித்துவிடுங்கள். மே 4 கத்திரி தொடங்குகிறது, அதற்குள் பெரும்பகுதி முடிந்துவிடும்படி ஏப்ரல் கடைசி வாரமே தொடங்கினால் நல்லது.

பாதுகாப்புக்குச் சில விஷயம், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். முகாமுக்கு ஒரு மாதம் முன்பே ஆடுகளுக்குக் குடற்புழு நீக்கம், ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசி, மாடுகளுக்குக் கோமாரித் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று உங்கள் கால்நடை மருந்தகத்தில் பாருங்கள். உண்ணி இருந்தால் இப்போதே மருந்து. யாருக்கும் பச்சைப்பால் கொடுக்காதீர்கள், கறந்த சூட்டோடு குடித்தால் சத்து என்று தாத்தாக்கள் சொல்வார்கள், ஆனால் மாட்டிடமிருந்து மனிதனுக்கு வரும் கன்று வீச்சு நோய்க் கிருமி பாலிலும் வரும். காய்ச்சித்தான் கொடுக்க வேண்டும். சோப்பும் குழாயும் கொட்டகை வாசலிலேயே இருக்கட்டும், தின்பண்டம் சாப்பிடுகிற இடம் கொட்டகைக்குள் இருக்கவே கூடாது.

அடுத்தது மாட்டை அணுகுகிற முறை. மாட்டுக்குக் கண் பக்கவாட்டில் இருப்பதால் சுற்றிலும் நன்றாகப் பார்க்கும், நேர் பின்னால் மட்டும் தெரியாது. பின்னால் இருந்து தொட்டால் மிரளும். உதைக்கும்போது காலை முன்னால் கொண்டுவந்து பக்கவாட்டில் வீசும், அதனால் பின்காலுக்குப் பக்கத்தில் நின்றாலும் ஆபத்துதான். தோள் பக்கம் வரவேண்டும், வரும்போது பேசிக்கொண்டே வரவேண்டும், முதலில் கழுத்தில் கை வைக்க வேண்டும். ஒரு மாட்டுக்கு ஒரு நேரத்தில் நான்கு பிள்ளைக்கு மேல் கூடாது. ஆக முப்பது பிள்ளை உங்களுக்கு ஒத்துவராது. பன்னிரண்டு போதும். கன்று ஈன்ற மாட்டுக்குப் பக்கத்தில் நீங்கள் இல்லாமல் யாரையும் விடாதீர்கள்.

அப்புறம் குஞ்சு வேண்டும் என்றால் ஒரு வழி சொல்கிறேன். ஏப்ரல் 11 ஒரு கோழியை அடை வையுங்கள், 20 இன்னொன்று. 27 முகாம் தொடங்கினால், இரண்டாவது கோழியின் முட்டைக்கு அன்று ஏழாவது நாள். இருட்டு அறையில் டார்ச் மேல் முட்டையை வைத்துக் காட்டினால் உள்ளே சிவப்பாகச் சிலந்தி வலை மாதிரி நரம்பு ஓடியிருக்கும். முதல் கோழிக்கு மே 2 இருபத்தோராவது நாள், பிள்ளைகள் கண் முன்னாலேயே பொரிக்கும். குஞ்சு தாயோடு இருக்கும், யாரும் பெட்டியில் போட்டு எடுத்துப்போக வேண்டியதில்லை.

பூண்டி விவசாயி (மார்ச் 19)

திருத்துறைப்பூண்டியிலிருந்து. ஐயா சொல்வதெல்லாம் சரி, ஆனால் ரொம்பவும் பயமுறுத்திவிடக் கூடாது. நாங்கள் எருமை மேலேயே படுத்துத் தூங்கி வளர்ந்தவர்கள். சாணியைக் கையில் அள்ளினால் தப்பில்லை, கழுவிக்கொள்ளப் போகிறோம். தொடவே விடாமல் கயிறு கட்டித் தள்ளி நிற்கவைத்தால் அதற்கு டிவியே போதும்.

உம்பளச்சேரி வைத்திருக்கிறீர்கள், அதைவிட வேறு என்ன வேண்டும் தங்கச்சி! இந்த டெல்டாவின் சேற்றுக்கென்றே வந்த மாடு அது. உம்பளச்சேரி ஊர் எங்களுக்குப் பக்கம்தான், கொருக்கையில் அரசாங்கப் பண்ணையிலேயே இந்த இனத்தை வைத்து வளர்க்கிறார்கள். உடம்பு கட்டுக்கோப்பாக இருக்கும், இடுப்பளவு உளையிலும் உழும், வைக்கோலும் வரப்புப் புல்லும் போதும். பால் அதிகம் கறக்காது, நாளைக்கு இரண்டு லிட்டர் மூன்று லிட்டர்தான், அதனால்தான் டிராக்டர் வந்ததும் இதைக் கைவிட்டார்கள். பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டியது ஒன்று இருக்கிறது: கன்று பிறக்கும்போது செம்மண் நிறம். ஆறு மாதம், எட்டு மாதம் போகப்போக அந்தச் சிவப்பு உதிர்ந்து சாம்பல் நிறம் வரும். நெற்றியில் வெள்ளைப் பொட்டும் நாலு காலிலும் காலுறை போட்ட மாதிரி வெள்ளையும் மட்டும் அப்படியே நிற்கும். உங்கள் மாசிக் கன்று இப்போது நல்ல சிவப்பில் இருக்கும். பிள்ளைகளை அதை வரைந்து கலர் தீட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று. அறுவடை முடிந்த வயலில் ராமநாதபுரம் பக்கத்துக் கீதாரிகள், அதாவது ஊர் ஊராக ஆடு மேய்ப்பவர்கள், வந்து ஆட்டுக் கிடை போடுவார்கள், ராத்திரி மந்தையை வயலிலேயே அடைத்து வைப்பார்கள். விடியற்காலை கிடை திறக்கிற நேரத்துக்கு ஒரு நாள் கூட்டிப்போங்கள். முன்னூறு ஆட்டில் தன் குட்டியைத் தாய் மோப்பம் பிடித்துக் கண்டுபிடிப்பதைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும். கீதாரிக்கு ஒரு வேளைச் சாப்பாடு கொடுத்துப் பேசச் சொல்லுங்கள், மழை, நட்சத்திரம், புல் என்று அவருக்குத் தெரிந்ததில் பாதி எனக்கே தெரியாது. வாத்து மேய்ப்பவர்களும் வருவார்கள்.

மன்னை டீச்சர் (மார்ச் 20)

மன்னார்குடிப் பக்கத்தில் ஒரு அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. பத்துப் பன்னிரண்டு வருடமாகப் பறவை பார்க்கிறேன். இரண்டு விஷயம் உடனே சொல்ல வேண்டும் அக்கா.

ஒன்று, கூண்டுக் கிளி. நம் ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நட்சத்திர ஆமை, முனியா என்று கடையில் விற்கும் சின்னக் குருவி எல்லாம் அப்படித்தான். சட்டத்தை விடுங்கள், உங்கள் வீட்டுப் பனைமரத்துப் பொந்தில் கிளி தானாகவே இருக்குமே.

இரண்டாவது, வடுவூர். நம் வடுவூரும் உதயமார்த்தாண்டபுரமும் 2022-ல் ராம்சார் என்கிற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த இடங்கள், எனக்கு உயிர். ஆனால் மே மாதம் போனால் வெடித்த ஏரித்தரைதான் இருக்கும். மேட்டூர் ஜூன் 12 திறந்து, தண்ணீர் ஏரிக்கு வந்து நிரம்பி, மழையும் பிடித்த பிறகுதான் நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், பாம்புத்தாரா, கூழைக்கடா எல்லாம். நவம்பரிலிருந்து ஜனவரி வரை போக வேண்டிய இடம். வேன் வைத்துக் காய்ந்த ஏரிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போய் ஏமாற்றாதீர்கள். கோடியக்கரையும் அப்படித்தான், வெளிமானைக் கோடையிலும் பார்க்கலாம், ஆனால் அந்த வெயிலில் ஆறு வயதுப் பிள்ளைகளோடு வேண்டாம்.

எங்கேயும் போக வேண்டியதில்லை என்பதுதான் என் கருத்து. காட்டு உயிர் என்றால் ஏதோ சரணாலயத்தில் மட்டும் இருக்கிறது என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள், நாமும் அப்படியே பழக்கிவிட்டோம். உங்கள் எருமை பின்னாலேயே நடங்கள். உண்ணிக்கொக்கு ஏப்ரல், மே மாதங்களில் வெள்ளையாக இருக்காது, தலையிலும் கழுத்திலும் முதுகிலும் மஞ்சளும் காவியும் கலந்த நிறம் ஏறியிருக்கும். எருமை கால் எடுத்து வைக்க வைக்க எழும்பும் தத்துக்கிளிக்காக அது கூடவே ஓடும். எருமை முதுகில் ரெட்டைவால் குருவி உட்கார்ந்திருக்கும். அது தன் கூட்டுப் பக்கம் வரும் காகத்தையும் பருந்தையும் துரத்துவதை ஒரு தடவை பார்த்த பிள்ளை வாழ்நாள் முழுக்க மறக்காது. கரண்டுக் கம்பியில் பனங்காடை, அது பறக்கும்போதுதான் அந்த நீலம் தெரியும். வைக்கோல் போர் ஓரத்தில் கீரி.

உங்கள் ஊரில் பழைய சிவன் கோயில் இருக்கிறதா? கோபுரத்தில் கூகை என்கிற ஆந்தை இருந்தால் கீழே கறுப்பு உருண்டைகள் விழுந்து கிடக்கும். அது எச்சம் இல்லை. எலியை முழுசாக விழுங்கிவிட்டு, செரிக்காத முடியையும் எலும்பையும் உருட்டி வாய் வழியாகக் கக்கும். அதைப் பொறுக்கி நன்றாக வெயிலில் காயவைத்து, கையுறை போட்டு, குச்சியால் பிரிக்கச் சொல்லுங்கள். மண்டையோடு, தாடை, பல் எல்லாம் முழுசாக வரும். நெல் வயலில் விவசாயிகள் ஏன் பறவைக் குடில் நடுகிறார்கள் என்று நீங்கள் சொல்லவே வேண்டாம், அவர்களே சொல்லிவிடுவார்கள்.

கும்பகோணத்து அம்மா (மார்ச் 20)

படிக்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் வைக்கோல் போர், கீரி என்றதுமே எனக்குப் பாம்பு ஞாபகம்தான் வருகிறது. என் பையனுக்கு ஏழு வயது, எதைப் பார்த்தாலும் கையை விட்டுவிடுவான். இதை எப்படிச் சமாளிப்பீர்கள்?

நர்ஸ் அக்கா, திருவாரூர் (மார்ச் 20)

நியாயமான கேள்வி, நான் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர். பயப்பட வேண்டாம், ஆனால் தயாராக இருக்க வேண்டும். எல்லோருக்கும் மூடிய ஷூ. வைக்கோல் போருக்குள், விறகுக் கட்டைக்குள், பொந்துக்குள் கை விடக் கூடாது என்று தினமும் காலையில் சொல்ல வேண்டும், ஒரு நாள் சொன்னால் போதாது. கொட்டகையைச் சுற்றி எலி வளையை மூடுங்கள், எலி இருக்கிற இடத்துக்குத்தான் பாம்பு வரும். சாரைப் பாம்பைக் கண்டால் அடிக்காதீர்கள், விஷம் கிடையாது, எலியைத் தின்று உங்களுக்கு வேலை செய்கிறது. எது சாரை எது நல்ல பாம்பு என்று பிள்ளைகள் முடிவு செய்யக் கூடாது, எதைப் பார்த்தாலும் நின்று, பின்னால் நகர்ந்து, பெரியவரைக் கூப்பிட வேண்டும்.

கடித்துவிட்டால் கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாய் வைத்து உறிஞ்சாதீர்கள், மந்திரிக்கக் கூட்டிப்போகாதீர்கள். கடித்த கை காலை அசைக்காமல் வைத்து, 108 கூப்பிட்டு நேராக அரசு மருத்துவமனை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான், அதனால் பாம்பை அடித்துத் தூக்கிக்கொண்டு வரவேண்டிய அவசியமே இல்லை. உங்கள் ஊரிலிருந்து எந்த ஆஸ்பத்திரி பக்கம், விஷமுறிவு மருந்து இருப்பு இருக்கிறதா என்று முகாமுக்கு முன்பே நேரில் போய்க் கேட்டு வையுங்கள்.

பாம்பைவிட எனக்கு நாயும் பூனையும்தான் கவலை. சின்னக் கீறல் என்று பிள்ளைகள் மறைத்துவிடுவார்கள். கீறினாலும் கடித்தாலும் ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவி, அன்றே ஊசி தொடங்க வேண்டும். ‘சொன்னால் திட்ட மாட்டோம்’ என்று முதல் நாளே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.

நாகைக் கடலோரம் (மார்ச் 21)

இவ்வளவு பேசுகிறோம், கடலை விட்டுவிட்டோமே. பங்குனி ஆமை கரைக்கு வந்து முட்டையிட்டுப் போகிற காலம் இது, ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேலும் இருக்கும். வனத்துறை முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைத்து வைக்கிறார்கள், கோடியக்கரையிலும் சீர்காழிப் பக்கம் கூழையாற்றிலும் இருக்கிறது. நாற்பத்தைந்து முதல் அறுபது நாளில் குஞ்சு வரும். முன்கூட்டியே வனத்துறையில் அனுமதி கேட்டால் குஞ்சு விடுகிற நாளில் தள்ளி நின்று பார்க்கலாம். கையில் தூக்கக் கூடாது, போட்டோவுக்கு லைட் அடிக்கக் கூடாது. உள்ளங்கை அளவு கூட இல்லாத அது மணலில் தானாக நடந்து அலைக்குப் போகட்டும்.

வயல்வீடு, வலங்கைமான் (மார்ச் 22)

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. முயல், கிளி, குதிரை, கலர் குஞ்சு, வடுவூர் ஐந்தையும் எடுத்துவிட்டேன். பன்னிரண்டு பிள்ளைகள், ஏப்ரல் 27 முதல் மே 6 வரை, ஆறரை முதல் பதினொன்று. ஆமை பார்க்க அதிகாலையில் நாகைப் பக்கம் போய் வரும் தூரம் இந்த வருடம் எனக்குத் தாங்காது, அடுத்த முறை.

இப்போது எனக்கு ராத்திரி தூக்கம் கெடுக்கிற கேள்வி ஒன்று. எங்கள் ஆட்டில் இரண்டு கிடா ஆடி மாதம் காளியம்மனுக்கு நேர்ந்துவிட்டது. பிள்ளைகள் பெயர் வைப்பார்கள், பத்து நாள் கட்டிப்பிடித்து விளையாடுவார்கள். அது எங்கே போகும் என்று கேட்டால் என்ன சொல்வது?

தஞ்சைத் தகப்பன் (மார்ச் 22)

ஆறு வயதுக் குழந்தைக்கு இதெல்லாம் தேவையா? அந்தக் கிடாக்களை அந்தப் பத்து நாள் வேறு கொல்லையில் கட்டிவிடுங்களேன்.

பூண்டி விவசாயி (மார்ச் 22)

மறைத்து வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை தம்பி. ஞாயிற்றுக்கிழமை கறி சாப்பிடுகிற வீட்டுப் பிள்ளைக்கு அது எங்கிருந்து வருகிறது என்று தெரியக் கூடாது என்றால் அது என்ன நியாயம்? என் பேரன் எங்கள் கிடாவுக்கு மூன்று வருடம் தழை ஒடித்துப் போட்டான். கோயிலுக்குப் போன அன்று அழுதான், சாப்பிட மாட்டேன் என்றான், நாங்கள் வற்புறுத்தவில்லை. இன்றைக்கும் ஆட்டுக்கு அவனைப் போலத் தழை போடுகிறவன் எங்கள் வீட்டில் கிடையாது.

மன்னை டீச்சர் (மார்ச் 23)

இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. நான் வகுப்பில் செய்வதைச் சொல்கிறேன். நானாக அந்தப் பேச்சை எடுக்க மாட்டேன். கேட்டால் பொய் சொல்ல மாட்டேன். ‘சாமிக்கு நேர்ந்துவிட்டது, ஆடியில் வெட்டுவார்கள்’ என்று அந்த ஒரு வாக்கியம் போதும். அதற்கு மேல் பிள்ளை கேட்டால் அதற்கும் பதில், கேட்காவிட்டால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். கதை கட்டினால் பின்னால் தெரிந்துவிடும், அப்புறம் நாம் சொன்ன எதையும் நம்ப மாட்டார்கள். பெற்றோரிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள் அக்கா, வேண்டாம் என்பவர்கள் முடிவு செய்துகொள்ளட்டும்.

நர்ஸ் அக்கா, திருவாரூர் (மார்ச் 23)

காசு விஷயம் யாரும் பேசவில்லை. டவுன் பிள்ளைகளிடம் கட்டணம் வாங்குங்கள், தப்பில்லை, தீவனம் இருக்கிறது, சாப்பாடு இருக்கிறது. ஆனால் உங்கள் தெருவில், காலனியில் இருக்கிற பிள்ளைகள் வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்க்கும்படி வைத்துவிடாதீர்கள். ஆடு மேய்க்கத் தெரிந்த பிள்ளைகள் அவர்கள்தான்.

வயல்வீடு, வலங்கைமான் (மே 9)

முகாம் முடிந்து மூன்று நாள் ஆகிறது. உடம்பு அசதியாக இருந்ததால் இன்றுதான் எழுத முடிந்தது.

டவுனிலிருந்து எட்டுப் பேர், எங்கள் ஊர்ப் பிள்ளைகள் நான்கு பேர், மொத்தம் பன்னிரண்டு. ஊர்ப் பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. ஒரு டவுன் பிள்ளைக்கு ஓர் ஊர்ப் பிள்ளை பொறுப்பு என்று போட நினைத்தேன், எண்ணிக்கை ஒத்துவராததால் ஒருவருக்கு இரண்டு பேர். நர்ஸ் அக்கா சொன்னது எவ்வளவு பெரிய விஷயம் என்று இரண்டாம் நாளே தெரிந்தது. பள்ளியில் வாயே திறக்காத பையன் என்று அவன் அம்மா சொன்ன ஊர்ப் பையன் ஒருவன், ஆட்டின் வாயைத் திறந்து எத்தனை பல் போட்டிருக்கிறது, என்ன வயது என்று மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தான். மாட்டுக்கு மேல் தாடையில் முன்பல்லே கிடையாது என்பதை எல்லோரும் அவன் தயவில்தான் தெரிந்துகொண்டார்கள்.

தினமும் காலையில் முதல் வேலை சாணி அள்ளுவது, அப்புறம் கொட்டகை கூட்டுவது, கழுநீர் வைப்பது. பிறகு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்து பார்ப்பது. அசை போடும் மாட்டின் கழுத்தைப் பார்த்தால் ஒரு உருண்டை கீழிருந்து மேலே ஏறுவது தெரியும், அது வாய்க்கு வந்ததிலிருந்து மறுபடி விழுங்கும் வரை எத்தனை மெல் என்று எண்ணச் சொன்னேன். ஒருவன் 47, ஒருத்தி 52, கலப்பின மாட்டுக்கு 58. நாற்பதுக்குக் குறைந்தால் மாட்டுக்கு வயிறு சரியில்லை என்று அப்பா கட்டிலில் படுத்தபடியே சொன்னார். அன்றிலிருந்து பிள்ளைகள் தினமும் எண்ணி அப்பாவிடம் கணக்குக் கொடுத்தார்கள். இரண்டு வருடத்தில் அப்பா அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை.

கூகை உருண்டை எங்கள் கோயிலில் கிடைக்கவில்லை, பக்கத்து ஊரில் மூடிக் கிடக்கும் ரைஸ்மில்லில் கிடைத்தது. ஓர் உருண்டையில் நான்கு எலி மண்டையோடு. செய்தித்தாள் விரித்து வரிசையாக அடுக்கி வைத்தார்கள். உண்ணிக்கொக்கின் காவி நிறத்தை அவர்களே கண்டுபிடித்தார்கள், நான் வாயே திறக்கவில்லை. கிடை பார்க்கப் போன அன்று கீதாரி பெரியவர் கையில் இருந்த, தழை ஒடிக்கிற தொரட்டியைத் தூக்கிப் பார்க்க எல்லோருக்கும் ஒரு முறை கிடைத்தது.

கிடா கேள்வி நான்காம் நாள் வந்தது. கேட்டவள் ஒன்பது வயதுப் பெண். டீச்சர் சொன்ன அதே வாக்கியத்தைச் சொன்னேன். ‘வலிக்குமா’ என்றாள். ‘வலிக்கும்’ என்றேன். கொஞ்ச நேரம் அதன் கழுத்தைச் சொறிந்துகொண்டு நின்றாள், பிறகு தழை ஒடிக்கப் போய்விட்டாள். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள், அம்மா போன் செய்தார், கோபமில்லை.

மே 2 சரியாக ஒன்பது மணிக்கு முதல் முட்டையில் ஓட்டை. எட்டு மணியிலிருந்தே பன்னிரண்டு பேரும் கூடையைச் சுற்றி மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தார்கள். முட்டையைக் காதருகில் வைத்தால் உள்ளே இருந்து கீச் கீச்சென்று கேட்கும் என்று அன்றுதான் எனக்கே தெரியும். பதின்மூன்று முட்டையில் ஒன்பது பொரித்தது. பொரிக்காத நான்கைப் பற்றியும் கேட்டார்கள்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். மே 4 காலையில் தாய்க்கோழி குஞ்சுகளைக் கொல்லைக்குக் கூட்டிப் போயிருந்தது, பஞ்சாரக் கூடையால் மூடியிருக்க வேண்டும், நான் இன்னொரு பக்கம் வேலையாக இருந்துவிட்டேன். காகம் ஒரு குஞ்சைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது, பிள்ளைகள் கண் முன்னாலேயே. தாய்க்கோழி முருங்கை மரம் உயரத்துக்கு எகிறியது. சின்னவர்கள் இரண்டு பேர் தேம்பி அழுதார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. கும்பகோணத்து அம்மாவின் பையன்தான், எதற்கும் கையை விடுவான் என்று பயந்தீர்களே, அவன் நேராகப் போய்ப் பஞ்சாரத்தை உருட்டிக்கொண்டு வந்தான். அன்று வீட்டுக்குக் கிளம்பும் முன்பே காவல் பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டார்கள், அரை மணிக்கு இரண்டு பேர். மீதி இரண்டு நாளும் ஒரு குஞ்சு கூடப் போகவில்லை. கடைசி நாள் ஒரு பெண், காகத்துக்கும் கூட்டில் குஞ்சு இருக்குமா என்று கேட்டாள், வேப்ப மரத்தில் இருந்த கூட்டைக் காட்டினேன். எட்டுக் குஞ்சும் தாயும் நலம். இரண்டாவது கோழி 11-ம் தேதி பொரிக்கும்.

இரண்டு பேருக்கு வெயிலில் தலைவலி, ஒருவனுக்கு வேலி முள் கீறியது, உடனே வந்து சொல்லிவிட்டான். மற்றபடி ஒன்றும் இல்லை.

ஒரத்தநாட்டுக்காரன் (மே 9)

காகம் தூக்கியதற்கு வருத்தப்படாதீர்கள் அம்மா, முதல் பத்து நாள் எந்த வீட்டிலும் நடப்பதுதான். பஞ்சாரத்தைச் சுற்றி வேப்பங்குழை செருகி நிழல் கொடுங்கள், உள்ளே தண்ணீர்க் கிண்ணத்தில் நாலு கூழாங்கல் போடுங்கள், இல்லையென்றால் குஞ்சு தண்ணீரில் விழுந்து நனையும். அப்பா சொன்ன அசை கணக்கு அருமை. ஆனால் ஒரு தடவை குறைந்ததை வைத்து முடிவுக்கு வராமல் இரண்டு மூன்று தடவை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்.

தஞ்சைத் தகப்பன் (மே 10)

மேடம், கிடாவைப் பற்றிக் கேட்ட அந்த ஒன்பது வயதுப் பெண் என் மகள்தான். மறைக்கச் சொன்னவன் நான், நீங்கள் சொன்ன விதம் சரியாக இருந்தது. அவள் முகாம் நோட்டு என் முன்னால் இருக்கிறது. உம்பளச்சேரிக் கன்றைச் செங்கல் கலரில் தீட்டி, பக்கத்தில் அதே கன்றைக் கலர் இல்லாமல் வெறும் கோடாக வரைந்து விட்டுவைத்திருக்கிறாள், நெற்றிப் பொட்டு மட்டும் இரண்டிலும் இருக்கிறது. தீபாவளிக்குக் கும்பகோணத்தில் மாமியார் வீட்டுக்கு வரும்போது அந்தப் பக்கம் வரலாமா? கன்றுக்கு நிறம் மாறினால் எனக்கு போட்டோ அனுப்பிவிடாதீர்கள். அவளே வந்து பார்த்துத் தீட்டட்டும்.

வயல்வீடு, வலங்கைமான் (மே 10)

தாராளமாக வாங்க தம்பி. காலை ஏழு மணிக்குள் வந்துவிடுங்கள், அதற்கு மேல் மேய்ச்சலுக்கு அவிழ்த்துவிடுவோம்.